கம்பஸ் லைபிரரியில் கூத்துக் கொப்பிக்கு இடம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கிலே பல்கலைக்கழக நூலக வேலையில் என் காலம் போனது. அதனால் செங்கலடிச் சந்தியில் நின்றாலும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தாலும் யாராவது நூலகம் பற்றிக் கேட்டுவிடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். திறக்கும் நேரம், கட்டணம், படிவம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை அந்தந்த நூலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கம்பஸில் படிக்கவில்லை. உள்ளே விடுவார்களா?

பெரும்பாலும் விடுவார்கள், ஆனால் அங்கேயே இருந்து வாசிப்பதற்கு மட்டும். புத்தகத்தை இரவல் தரமாட்டார்கள். எதைத் தேடுகிறீர்கள் என்று எழுதி, முன்கூட்டியே நூலகரிடம் அனுமதி கேட்டுவிட்டு வருவது நல்லது. தேசிய அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். பையை வாசலில் வைக்கச் சொல்வார்கள், அதற்காகக் கோபிக்க வேண்டாம். பரீட்சைக் காலத்தைத் தவிருங்கள், கதிரையே கிடைக்காது.

அதோடு, "மட்டக்களப்பைப் பற்றி ஏதும் இருக்கா?" என்று கேட்டால் வழக்கமான நாலு புத்தகத்தைத்தான் காட்டுவார்கள். "படுவான்கரைக் கோயில்களின் கும்பாபிஷேக மலர்கள் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள் (படுவான்கரை என்றால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை). கேட்டவுடன் ஒருவர் எழுந்து உள்ளறைக்குப் போவார்.

இங்குள்ள பல்கலைக்கழக நூலகம் எவ்வளவு பழையது?

இலங்கைக் கணக்கில் இளையதுதான். கொழும்பில் 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாகி, பிறகு பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பேராதனை நூலகத்தின் வேர் அந்தக் கல்லூரியில் இருக்கிறது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1943 இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். நம் ஊர்ப் படிப்பாளி பெரிய நூலகம் ஒன்றைத் தேடிக் கொழும்புக்கும் பேராதனைக்கும் ரயில் ஏறிய காலம் அது.

வந்தாறுமூலையில் மத்திய மகா வித்தியாலயம் இருந்த வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஓகஸ்ட் 1 ஆம் திகதி தொடங்கியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு அப்போது இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. விஞ்ஞானம், விவசாயம் என்று இரண்டு துறைகளோடுதான் ஆரம்பம். 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. அம்பாறை மாவட்டத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி 1995 இல் வந்து, அடுத்த வருடமே பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைகொண்டது.

ஆகவே நூறு வருடத் தோல் அட்டைப் புத்தக வரிசையைப் பார்க்கும் ஆசையில் வந்தால் ஏமாந்து போவீர்கள். இங்குள்ள பழைமை கட்டடத்தில் இல்லை, ஊருக்குள்ளே வீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் அதிகமாகப் பேசப் போவதும் அதைப் பற்றித்தான்.

தமிழ்ப் புத்தகங்கள் எந்த றாக்கையில்?

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகமென்றால் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811, இலங்கை வரலாறு 954.93, நாட்டார் வழக்காறு 398. இந்த நாலு எண்களை மனதில் வைத்தால் யாரையும் கேட்காமலே பாதித் தூரம் போகலாம்.

1876 இல் அமெரிக்காவில் மெல்வில் டூயி போட்ட கணக்கு இது. சமயத்துக்கு 200 முதல் 299 வரை இடம் வைத்தவர், பெரும்பகுதியைக் கிறிஸ்தவத்துக்கே கொடுத்துவிட்டார். மற்ற எல்லாச் சமயமும் 290 களில் ஒதுங்க வேண்டியதுதான். இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. மட்டக்களப்பு நூலகத்தில் அந்த இரண்டு இடமும் எப்போதும் பிதுங்கி வழியும். பக்கத்து றாக்கை காற்று வாங்கும்.

கூத்து நூல்தான் பெரிய தலையிடி. அரங்கக் கலையாகப் பார்த்தால் 792. பாடலாகவும் நாடகமாகவும் பார்த்தால் 894.811. நாட்டார் வழக்கென்று நினைத்தால் 398. மூன்று பேர் பட்டியலிட்டால் மூன்று இடத்தில் கிடக்கும். ஆகவே கூத்தைத் தேடுபவர் மூன்றையும் பார்க்கத்தான் வேண்டும்.

மட்டக்களப்பைப் பற்றி ஆய்வு செய்கிறேன். எதில் தொடங்குவது?

1921 இல் எஸ். ஓ. கனகரத்தினம் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட விவரண நூலில் தொடங்குங்கள். அப்புறம் எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்'. அடுத்து வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்', 1964. அக்கரைப்பற்றுத் தமிழர், முஸ்லிம்களின் குடிமுறையும் (குலப் பிரிவு) தாய்வழி முறையும் வேண்டுமென்றால் மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட ஆங்கில நூல் இருக்கிறது.

மான்மியத்தை மட்டும் கவனமாக வாசியுங்கள். ஏட்டில் வந்த மரபுக் கதையும் வரலாறும் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதில் உள்ள ஆண்டை அப்படியே தூக்கி ஆய்வேட்டில் போட்டுவிட்டு வாய்மொழிப் பரீட்சையில் முழிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தொகுதியிலும் உண்டு.

வீட்டில் பழைய ஏடும் கூத்துக் கொப்பியும் கிடக்கின்றன. நூலகம் எடுக்குமா? எடுக்காவிட்டால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வி.

மாரி தொடங்கும் நேரத்தில் ஒரு ஏட்டண்ணாவியார் (கூத்துப் பாட்டை ஏடு பார்த்துச் சொல்லிக்கொடுப்பவர்) நூலகத்துக்கு வந்தார். சொப்பிங் பைக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி. "வீட்டுல வைக்கேலா மனே, கறையான் விடுகுதில்ல" என்றார். தென்மோடி என்ற வகைக் கூத்து ஒன்று, முழுவதும் கையெழுத்து. விருத்தமும் தருவுமான பாட்டுகள் நீல மையில், யார் பாடுவது என்பது சிவப்பில். ஓரம் முழுக்கச் சிறிய எழுத்தில் குறிப்புகள்: சட்டம் கொடுத்த (ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டைக் கொடுத்த) நாள், எந்த வேடத்தை யார் ஆடினார், கிழமைக்கூத்து என்ற வாராந்த ஒத்திகை யார் வீட்டு வளவில் நடந்தது, அடுக்குப் பார்த்த (முழு ஒத்திகை நடந்த) இரவு மழை வந்தது. கூத்தின் பாட்டு வேறு கொப்பியிலும் கிடைக்கக்கூடும். ஆனால் அந்த ஓரக் குறிப்பு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஒரு ஊர் ஒரு வருடம் எப்படிக் கூத்துப் பழகியது என்று அது சொல்கிறது.

அப்படியானவற்றைக் கொண்டு வாருங்கள். கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்தால் மூலத்தைக் கொடுக்க வேண்டாம். படம் எடுக்க மட்டும் அனுமதித்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகலாம். எதைச் செய்தாலும் ஒரு துண்டில் எழுதி இரு பக்கமும் கையொப்பம் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளை வந்து கேட்கும்போது எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் மனஸ்தாபந்தான் மிஞ்சும்.

கொண்டு வரும் வரைக்கும் வீட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஏட்டுக் கட்டு கலைந்திருந்தால் நீங்களாக அடுக்கிக் கட்ட வேண்டாம், கலைந்தபடியே இருக்கட்டும். எழுத்துத் தெரியவில்லை என்று தேங்காய் எண்ணெய் பூசவே வேண்டாம். எழுத்தாணிக் கீறலுக்குள் விளக்குக்கரியைப் பூசித் துடைப்பதும், காய்ந்த ஓலைக்கு அளவாகப் புல்லெண்ணெய் தடவுவதும் பழைய முறைதான். ஆனாலும் அதைத் தெரிந்த கை செய்ய வேண்டும். கடதாசியில் எந்த எண்ணெயும் படக்கூடாது. கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டுவதுதான் நான் பார்த்த மிகப் பெரிய அழிவு. கொஞ்ச வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். கறள் பிடித்த கம்பி இருந்தால் அப்படியே விட்டுக் கொண்டு வாருங்கள், நாங்கள் கழற்றுகிறோம். லமினேற் செய்த பிரதியைக் கொண்டு வந்து பெருமையாக நீட்டுபவர்களிடம் என்ன சொல்வதென்றே தெரியாது.

முஸ்லிம் வீடுகளில் அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழ்) எழுதிய கிதாபுகளும், உம்மாமார் பாடிய கவிகளை எழுதி வைத்த கொப்பிகளும் இருக்கின்றன. காத்தான்குடியோ, ஏறாவூரோ, மருதமுனையோ, அக்கரைப்பற்றோ, எந்த ஊரென்றாலும் இதே பதில்தான். கிழிந்தது, பெறுமதியில்லை என்று நீங்களே முடிவெடுத்துக் குப்பைக்குப் போடாதீர்கள்.

கோயில் மலர், பள்ளிக்கூட மலர், செத்தவீட்டு நினைவு மலர்... இதெல்லாம் பல்கலைக்கழக நூலகத்துக்கு எதற்கு?

முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் வேறெந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று இருக்கும்: வம்ச வரிசை. யார் எந்தக் குடி, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கல்யாணம் முடித்துப் போனார்கள், யார் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இடப்பெயர்வைப் பற்றி ஆய்வு செய்பவருக்கு அது தங்கம். கும்பாபிஷேக மலரில் கோயில் வண்ணக்கர் (நிர்வாகப் பொறுப்பாளர்) பட்டியலும் திருவிழா உரிமை யார் யாருக்கு என்பதும் இருக்கும். பள்ளி மலரில் அதிபர் அறிக்கை வழியாகப் போர்க்கால வருகைக் கணக்கு கிடைக்கும்.

இவை தானாக நூலகத்துக்கு வருவதில்லை. 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டப்படி நாட்டில் அச்சாவதன் பிரதிகளைத் தேசிய சுவடிகள் கூடத்துக்கு ஒப்படைக்க வேண்டும். அங்கிருந்து கொழும்பு அருங்காட்சியக நூலகம், பேராதனை நூலகம் போன்றவற்றுக்குப் பங்கு போகிறது. மட்டக்களப்பில் அச்சான மலர் அந்தச் சட்டத்தின் வழியே மட்டக்களப்பு நூலகத்துக்கு வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. நூறு பிரதி அச்சிட்டு, செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்குக் கொடுத்து முடிந்த மலரை யாரும் எங்கேயும் ஒப்படைத்திருக்கவும் மாட்டார்கள். ஆகவே அச்சகத்திலிருந்து கட்டு வந்தவுடன் இரண்டு பிரதியை எடுத்து வைத்துவிடுங்கள். மிஞ்சினால் தருவோம் என்று இருந்தால் மிஞ்சாது.

எங்கள் அப்பாவின் புத்தகப் பெட்டியைத் தந்தோம். பாதியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஏன்?

ஏற்கெனவே மூன்று பிரதி இருந்திருக்கும். இல்லாவிட்டால் பழைய ஏ.எல். நோட்ஸ், இருபது வருடத்துக்கு முந்திய கொம்பியூட்டர் வழிகாட்டி போன்றவையாக இருக்கும். இடம் பணம் போல. ஒரு புத்தகத்தை எடுத்தால் பதிய வேண்டும், எண்ணிட வேண்டும், வருடா வருடம் கணக்கெடுப்பில் காட்ட வேண்டும்.

ஆனால் இதில் நூலகங்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. பளபளப்பான வெளிநாட்டுப் பாடநூல் நன்கொடையாக வந்தால் வரவேற்பு ஒன்று, ஊரில் ரோனியோவில் (ஸ்டென்சில் வைத்துப் படியெடுக்கும் இயந்திரம்) அடித்த பழைய சஞ்சிகை வந்தால் வேறொன்று. அந்தப் பாடநூல் உலகத்தில் ஆயிரம் நூலகத்தில் இருக்கும். ரோனியோச் சஞ்சிகை இந்தப் பெட்டியில் மட்டுந்தான் இருக்கும். பெட்டியைப் பிரிக்கும்போது குடும்பத்தில் ஒருவர் கூட நின்று, "இது அப்பா நடத்தின சஞ்சிகை" என்று சொன்னால் பெரிய உதவி.

என் கவிதைத் தொகுதியை வைப்பார்களா?

வைப்பார்கள். இரண்டு பிரதி போதும், இருபத்தைந்தைக் கட்டிக்கொண்டு வர வேண்டாம். தேசிய நூலகத்தில் சர்வதேச நியம நூல் எண் பெற்றிருந்தால் நல்லது. இலங்கை எண்கள் 978 க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வரும். இல்லாவிட்டாலும் எடுப்பார்கள். நம் வெளியீட்டு விழாக்களில் முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று பொன்னாடையோடு கை மாறுகிறதே, அந்த வரிசையில் நூலகத்தையும் ஒரு ஆளாகச் சேர்த்தால் என்ன?

மழையில் புத்தகம் நனைந்துவிட்டது. காப்பாற்றலாமா?

கார்த்திகை, மார்கழியில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமில்லை. இரண்டு நாளைக்குள் கையை வைத்தால் காப்பாற்றலாம். அதற்குப் பிறகு பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்துவிடும். புத்தகத்தை நிமிர்த்தி, தாள்களை விசிறியாகப் பிரித்து, காற்றாடிக்குக் கீழே நிழலில் வையுங்கள். காற்று நேராக அடிக்க வேண்டாம். இடையிடையே வெறும் வெள்ளைத் தாள் அல்லது ரிசூ வைத்து அடிக்கடி மாற்றுங்கள். பத்திரிகைத் தாளின் மை ஒட்டும்.

பளபளப்பான தாள் உள்ள மலர்கள்தான் ஆபத்து. ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. ஆறுதலாகப் பிரித்துக் காயவைக்க நேரமில்லையென்றால் பொலித்தீனில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உறைந்தால் பூஞ்சணம் வளராது, யோசிக்க நேரம் கிடைக்கும். வீட்டில் மீனுக்கு எங்கே இடம் என்று கேட்பார்கள். ஒரு கிழமைக்குச் சமாளியுங்கள்.

போர், சுனாமிக் காலத்தில் என்ன நடந்தது?

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியபோது வந்தாறுமூலை வளாகம் பல்லாயிரம் பேருக்கு அகதி முகாமானது. அந்த வருடம் செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த வளாகத்தின் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினாலும் ஊர்ச் சனத்துக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

2004 டிசெம்பர் 26 சுனாமி கல்லடி முதல் கல்முனை வரை கரையோரத்தில் வீட்டோடு வீட்டு அலுமாரியையும் கொண்டு போனது. 2011 ஜனவரி வெள்ளம் படுவான்கரை வீடுகளுக்குள் ஏறியது. ஊரில் ஒரு குடும்பத்தில் மட்டும் இருந்த கொப்பி, ஏடு, படம் எவ்வளவு போனது என்பதற்குக் கணக்கே கிடையாது, ஏனென்றால் அவை எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. ஒரு வரிப் பட்டியல் இருந்திருந்தால்கூட எது போனது என்றாவது தெரிந்திருக்கும்.

ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டால் போதாதா?

நல்ல வேலைதான். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களுக்குச் செய்தது பெரிய காரியம். நம் வாசகர்கள் பாதிப் பேர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் எல்லாவற்றையும் போட முடியாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. விபுலாநந்த அடிகள் 1947 யூலையில் மறைந்தார். ஆகவே 2017 முடிவோடு அவருடைய எழுத்தின் உரிமைக்காலம் இங்கே முடிந்துவிட்டது, போடலாம். பின்னாளில் ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் குறிப்பும் வேறு கணக்கு. 1962 இல், 1964 இல் வந்த நூல்களுக்கு ஆசிரியரின் வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். அழியும் நிலையில் உள்ள பிரதியைக் காப்பதற்காக நூலகம் ஒரு படி எடுத்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பொதுவில் வெளியிடுவது வேறு விஷயம்.

இன்னொன்று: ஸ்கேன் பண்ணி முடிந்தது என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். பென்சில் ஓரக் குறிப்பு ஸ்கேனில் விழாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

லைபிரரியில் வேலை செய்பவர்கள் நாள் முழுக்கப் புத்தகம் வாசிப்பார்களா?

(சிரிக்க அனுமதியுங்கள்.) காலையில் வந்தவுடன் பத்திரிகைக் கட்டைப் பிரித்து வீரகேசரி, தினக்குரல், தினகரன் என்று ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்த வேண்டும். பிறகு முதல் நாள் மேசையில் விட்டுப் போன புத்தகங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, எண் பார்த்து அந்தந்த இடத்தில் செருக வேண்டும். இடம் மாறிச் செருகிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளே ஒளித்து வைப்பார்கள்: மண்ணியல் பாடநூல் சங்க இலக்கியத்துக்குப் பின்னால் கிடக்கும். எந்தப் பிள்ளை எங்கே ஒளிக்கும் என்று பழைய ஊழியருக்கு அத்துப்படி. எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் இருப்பார்.

தூசித் தும்மலும் முதுகு வலியும் எல்லாருக்கும் பொது. மத்தியானச் சோத்துப் பார்சலைப் பின்னறையில் சேர்ந்து சாப்பிடும்போது தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று வீட்டுக் கறியும் மேசைக்கு வரும். பரீட்சைக் காலத்தில் இரவு வரை திறந்திருந்தால் கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை. கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் வந்தால் கதவு மூடும், பிள்ளைகள் திட்டுவார்கள். அதில் இரு பக்கமும் நியாயம் இருக்கும்.

அந்த வேலைக்கு எப்படிச் சேர்வது?

இலங்கை நூலகச் சங்கம் 1960 இல் தொடங்கியது. அது நடத்தும் நூலகத் தகவல் விஞ்ஞான டிப்ளோமாவைத் தமிழிலும் படிக்கலாம். களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தேசிய நிறுவகம் பட்டப்பின் படிப்பை நடத்துகிறது. உதவி நூலகர் முதல் நூலகர் வரையான பதவிகள் விரிவுரையாளர்களுக்கு ஒத்த தரம், பட்டமும் ஆய்வும் வேண்டும். நூலக உதவியாளர் பதவிகளுக்கு வேறு விளம்பரம், வேறு தகுதி. நேர்முகப் பரீட்சையில் "எனக்கு வாசிப்பு பிடிக்கும்" என்று மட்டும் சொன்னால் வேலை கிடைக்காது. கணினிப் பட்டியலாக்கம் தெரியுமா என்று கேட்பார்கள்.

நிகழ்ச்சிகளுக்கு வெளியார் வரலாமா? எப்போது வருவது?

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். கண்காட்சி, பேச்சு, பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா எல்லாம் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் நெருக்கியடித்து வரும். யூலையில் விபுலாநந்தர் நினைவையொட்டி ஊரெங்கும் ஏதாவது இருக்கும். அழைப்பிதழில் "அனைவரும் வருக" என்று இருந்தால் தாராளமாக வாருங்கள்.

கண்காட்சிக்கு வருபவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பிடித்தது வேறு சாதி: பெட்டிக்குள் இருக்கும் படத்தைப் பார்த்து, "இது எங்கட மாமா, பேரைப் பிழையா எழுதியிருக்கீங்க" என்று சண்டைக்கு வருபவர்கள். அவர்களைக் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, படத்தில் உள்ள எல்லாரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நீங்கள் அப்படியானவர் என்றால் கண்காட்சி தொடங்கும் முதல் நாளே வாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும்.